பார்பியானாப் பள்ளியின் கல்விக் கோட்பாடு

கத்தோலிக்க பாடசாலையொன்றின் கல்விக் குறிக்கோள் யாது என வினவின், பெரும்பாலும் அப்பாடசாலையின் அறிக்கையே விடையாக நீட்டப்படும். இறைபத்தி, நல்லொழுக்கம், கட்டுப்பாடு, பிறர்க்குத் தொண்டு, முழு மனிதனை உருவாக்கல் என்னுஞ் சொற்கள் அதில் தவறாது இடம்பெறும். இச்சொற்கள் பொய்யல்ல. ஆயினும் எச்சமயத்தார் நடத்தும் பாடசாலையும் இவற்றைத் தன் வாயிலில் எழுதிக்கொள்ளலாம். சைவப் பாடசாலைகளின் அறிக்கைகளும் இவற்றின் வேறானவையல்ல. ஒரு பள்ளியின் உள்ளக்கிடக்கையை அறியவேண்டின், அது யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை இடைவழியிற் கைவிட்டது, எதன்பொருட்டு யாரோடு மாறுபட்டு நின்றது என்பனவற்றை நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்கத்தக்க பள்ளிகளுள் இத்தாலி நாட்டில், புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே முஜெல்லோப் பகுதியின் மலையொன்றில் நடைபெற்ற பார்பியானாப் பள்ளி தனித்தன்மை வாய்ந்தது. 1954 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விடத்துக்கு அனுப்பப்பட்ட குரு ஒருவர் அதனைத் தொடங்கி, 1967 இல் தாம் மறையும்வரை நடத்தினார். தனிக் கட்டடம் அதற்கில்லை. கோவிலை அடுத்த குருமனையின் அறையே வகுப்பு. வேனிற் காலத்தில் வெளியே மரநிழலே வகுப்பு. மாணாக்கர் தொகை சில பத்தினைத் தாண்டியதில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்தாலியிற் கல்விபற்றி எழுந்த விவாதங்களுள் இச்சிறு பள்ளியின் பெயர் அடிபடாத விவாதம் அரிது.

அக்குரு லொறென்சோ மிலானி. 1923 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆந் திகதி புளோரன்ஸிற் பிறந்தவர். செல்வமும் கல்வியும் ஒருங்கே நிறைந்த குடும்பம் அவருடையது. மொழிநூற் பேரறிஞர் தொமெனிக்கோ கொம்பரெத்தி அவருக்குப் பூட்டனார். தாயார் யூத குலத்தவர். சமயப்பற்று மிக்கதென்று கூறமுடியாத சூழலில் வளர்ந்து, சிலகாலம் ஓவியம் பயின்று, 1943 இற் குருமடஞ் சேர்ந்து, 1947 இற் குருப்பட்டம் பெற்றார். இவ்வரலாற்றிற் கருத்திற்கொள்ளத்தக்கது ஒன்றே. பின்னாளில் ஏழைகளுக்கு இல்லாதது சொல்லே என்று ஓயாது கூறியவர், சொல்லைப் பிறப்புரிமையாகப் பெற்ற குடியினின்றும் வந்தவர். தமக்கு உழைப்பின்றிக் கிட்டியது எது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

முதலில் அவர் உதவிக் குருவாயிருந்த இடம் கலென்சானோவைச் சேர்ந்த சான் தொனாத்தோ. நெசவாலைத் தொழிலாளரும் குடியானவரும் வாழும் ஊர். அங்கே இளந்தொழிலாளருக்கென இரவுப் பள்ளியொன்றை நிறுவினார். அப்பள்ளி அறையின் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை அவர் கழற்றிவிட்டார். கத்தோலிக்க குரு ஒருவர், கத்தோலிக்க நாட்டிலே, தாம் நடத்தும் பள்ளியிற் செய்த இச்செயல் பலரைத் திடுக்கிடச் செய்தது. அவர் கருதிய காரணம் எளியது. அவ்வூர் இளைஞருட் பலர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தோர். சுரூபத்தைக் கண்டவுடன் இது கட்சிப் பள்ளி, குருவின் வலை, என அவர்கள் வாயிலிலேயே திரும்பிவிடுவர். எல்லார்க்குமான பள்ளியென்று சொல்லிவிட்டு ஒருசாரார் மட்டும் நுழையத்தக்க வாயிலை வைத்தல் நேர்மையாகாது என்பது அவர் துணிபு.

இதனை வெறுந் தந்திரமென ஒதுக்குதல் எளிது, ஒதுக்கியோரும் உண்டு. ஆனால் தந்திரஞ் செய்பவர் தம்மை மறைத்துக்கொள்வர். மிலானி தம் அங்கியைக் களைந்தாரல்லர். தாம் குரு என்பதை ஒருநாளும் மறைத்தாருமல்லர். உண்மையில் அச்செயலின்பின் ஒரு கோட்பாடு இருந்தது. 1958 இல் வெளியான "மேய்ப்புப்பணி அனுபவங்கள்" என்னும் நூலில் அக்கோட்பாட்டை விரித்துரைத்தார். தம் பங்கிலுள்ளோர் யாவரும் ஞானஸ்நானம் பெற்றவர், ஞானோபதேசம் படித்தவர், தேவதிரவிய அனுமானங்களைப் பெறுபவர். எனினும் பிரசங்கத்திற் கூறப்படுவதை அவர்கள் விளங்கிக்கொள்வதில்லை. விளங்காமைக்குக் காரணம் நெஞ்சின் வன்மை அன்று, மொழியின் வறுமை. சொல்லறியாதவனுக்கு வேதத்தைப் போதித்தல் செவியிலானுக்குப் பண் பாடுதல் போலும். ஆதலின் முதலிற் சொல். விசுவாசம் கொடுப்பதற்கு இறைவன் இருக்கின்றான். இந்நூலில் அவர் தொகுத்த புள்ளிவிபரங்களும், பங்குகள்தோறும் நடந்த கேளிக்கை மன்றங்களை அவர் எள்ளிய எள்ளலும் பலர்க்குக் கசந்தன. திருச்சபையின் அனுமதியோடே அச்சேறிய நூலை அதே ஆண்டு டிசம்பரில் உரோமைத் திருப்பணியகம் விற்பனையிலிருந்து நீக்குமாறு பணித்தது.

அதற்கு முன்பே, 1954 ஆம் ஆண்டு டிசம்பரில், அவர் பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். இடமாற்றமென்று பெயர், ஒதுக்கிவைத்தல் என்பதே பொருள். வீதியும் மின்விளக்கும் குழாய்நீரும் எட்டாத அம்மலையில், ஒன்றிலிருந்து ஒன்று தொலைவாகச் சிதறிக்கிடந்த வீடுகளில் நூற்றுச் சொச்சம் பேரே வாழ்ந்தனர். அவ்வூர்ச் சிறாருட் பெரும்பாலோர் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர், அல்லது கீழ்நாட்டுப் பாடசாலைகளிற் பரீட்சை தவறித் திரும்பியவர். மிலானி வந்து சேர்ந்தவுடனேயே அவ்வூர்ச் சேமக்காலையில் தமக்கொரு கல்லறையிடம் வாங்கிக்கொண்டார். தம்மை அனுப்பியவர்க்கு அவர் அளித்த மறுமொழி அதுவெனலாம்.

அங்கு நடந்த கல்வியின் ஒழுங்கு வியப்புக்குரியது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலைவரை பள்ளி, ஞாயிறும் உண்டு, விடுமுறை இல்லை. வகுப்பு, தரம், புள்ளி, பரீட்சை எவையுமில்லை. நாளிதழை உரக்க வாசித்து அதன் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்தல் நாள்தோறும் நடைபெறும் பாடம். அறிமுகமற்ற சொல்லொன்று வந்தால் அதன் பிறப்பும் உறவும் விளங்கும்வரை வாசிப்பு நகராது. தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்பித்தான். பன்னிரண்டு வயதினன் எட்டு வயதினருக்கு ஆசிரியன். நம்மவர் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை செய்த பணி இதுவே என்று எளிதிற் கூறிவிடலாகாது. சட்டாம்பிள்ளை கெட்டிக்காரன் என்பதனால் நியமிக்கப்பட்டவன். பார்பியானாவிலோ கடைசியாக நிற்பவனே பள்ளியின் தலைமகன். அவன் விளங்கிக்கொள்ளும்வரை முன்னின்றவன் காத்திருத்தல் வேண்டும். அறையில் மாட்டியிருந்த வாசகம் "ஐ கேர்" என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். எனக்கு அதில் அக்கறையுண்டு என்பது பொருள். எனக்கென்ன என்று மார்தட்டிய முசோலினிக் கட்சியாரின் சுலோகத்துக்கு நேரெதிராக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பிற மொழிகளுக்குப் பெரிய இடமிருந்தது. பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் இங்கிலாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளுக்குத் தனியே சென்று, கிடைத்த கூலிவேலையைச் செய்துகொண்டு அந்நாட்டு மொழியைக் கற்றுத் திரும்பினர். மலையை விட்டு இறங்கியறியாத பெற்றோர் இதற்கு எங்ஙனம் இசைந்தனரோ!

இப்பள்ளியின் பெயரை உலகறியச் செய்தது 1967 ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த "ஓர் ஆசிரியைக்குக் கடிதம்" என்னும் நூல். புளோரன்ஸிலுள்ள ஆசிரிய பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து பரீட்சை தவறிய இரு பையன்களின் அனுபவத்தினின்றும் அது பிறந்தது. எழுதியோர் எண்மர், ஒருவர் பெயரும் அட்டையிலில்லை. எழுதிய முறையும் கல்வியின் ஒரு பகுதியே. தோன்றுங் கருத்துக்களைத் துண்டுத் தாள்களிற் குறித்தல், ஒத்தவற்றை அடுக்குதல், அடுக்குகளை அதிகாரமாக்கல், மிகையான சொல்லை வெட்டுதல், பின் படிப்பறிவு குறைந்த ஒருவரிடம் வாசித்துக்காட்டி அவர்க்கு விளங்காததை மாற்றல் என்பதே அம்முறை. 1963 இல் மாரியோ லோதி என்னும் பள்ளியாசிரியருடன் ஏற்பட்ட தொடர்பு இம்முறைக்குத் தூண்டுகோலாயிற்று. நடை கூரியது, சில இடங்களிற் கொடியது. இலக்கியம் தனியொருவரின் தெய்வீக எழுச்சி என்று நம்புவோர் இந்நூலை ஒருமுறை படித்தல் நன்று. கைவினை போன்று கூடியிருந்து இழைத்த உரைநடைக்கும் உயிருண்டென்பதை அவர்கள் காண்பர்.

நூலின் வாதம் யாதெனின், இத்தாலியப் பாடசாலையின் முதற்குறை அது இழந்துவிடும் பிள்ளைகளே என்பதாம். 1948 இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு எட்டாண்டுக் கல்வியைக் கட்டாயமும் இலவசமும் ஆக்கியது. 1962 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதிச் சட்டம், அதுவரை மேற்கல்விக்கென ஒன்றும் தொழிலுக்கென ஒன்றுமாகப் பிரிந்திருந்த இடைநிலைப் பள்ளிகளை ஒன்றாக்கியது. சட்டம் வாயிலைத் திறந்தது. ஆனால் உள்ளே நின்ற ஆசிரியர் பழைய அளவுகோலையே கையில் வைத்திருந்தனர். ஒரு வகுப்பில் ஆண்டுதோறும் சிலர் தவறுகின்றனர். தவறியோர் மறுவகுப்பில் வயதால் மூத்து, நாணி, வேலைக்குப் போய்விடுகின்றனர். அவ்வாறு போகும் பிள்ளைகள் யாவர்? அரசாங்கப் புள்ளிவிபரங்களையும் பாடசாலைப் பதிவேடுகளையும் கொண்டு அப்பையன்கள் கணக்கிட்டனர். குடியானவர் பிள்ளைகளும் கூலித்தொழிலாளர் பிள்ளைகளுமே பெரும்பான்மையோர் என்று அட்டவணை அட்டவணையாகக் காட்டினர். இப்பகுதிக்கு இத்தாலிய பௌதிகவியற் சங்கம் பரிசளித்தது. பள்ளி தள்ளிய பையன்களின் கணக்கை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டனர் என்பது இச்செய்தியின் சுவை.

நூலில் இருவர் அடிக்கடி வருகின்றனர். வைத்தியர் மகனாகிய பியெரீனோ ஒருவன். ஏழை ஜான்னி மற்றவன். பியெரீனோ பள்ளிக்கு வருமுன்பே எழுதப் படிக்கத் தெரிந்தவன். தாய்தந்தையர் வீட்டிற் பேசும் மொழியே பாடநூலின் மொழி. ஜான்னியின் வீட்டுமொழியைப் பள்ளி பிழையென்று சிவப்பு மையால் அடிக்கின்றது. இருவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து ஒரே அளவால் அளந்தால் அது நீதியாமோ என்பதே கேள்வி. 1945 முதல் இலவசக் கல்வி வழங்கப்படும் இந்நாட்டு வாசகர்க்கு இக்கேள்வி அந்நியமானதன்று. கட்டணத்தை நீக்குதல் வேறு. வீட்டிலிருந்தே வரும் ஏற்றத்தாழ்வை நீக்குதல் வேறு. பின்னையதற்கு நூல் கூறும் பரிகாரம் மூன்று. கட்டாயக் கல்விக் காலத்தில் எவரையும் தவறவிடாதிருத்தல். மந்தமானவரென்று தோன்றுவோர்க்கு நாள்முழுவதும் பள்ளி நடத்துதல். சோம்பியிருப்போர்க்குக் கற்பதன் நோக்கமொன்றைக் காட்டல். இம்மூன்றையும் ஒருங்கே கொள்ளவேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கற்பியாமலே வகுப்பேற்றும் ஏமாற்றாய் முடியும். பின்வந்தோர் பலர் அவ்வாறே எடுத்துக்கொண்டனர்.

பார்பியானாக் கல்வியின் மற்றொரு கூறு மனச்சாட்சி பற்றியது. 1965 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொஸ்கானாவின் ஓய்வுபெற்ற படைக் குருக்கள் சிலர், மனச்சாட்சி காரணமாகப் படைச்சேவையை மறுப்போரைக் கோழைகளெனப் பழித்து அறிக்கை வெளியிட்டனர். அது நாளிதழில் வந்தது, பாடமாயிற்று. மிலானி மாணாக்கரோடு ஆராய்ந்து எழுதிய மறுமொழி, இத்தாலி அதுவரை நடத்திய போர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுள் எது நீதியானது என வினவியது. வழக்குத் தொடரப்பட்டது. நோயினால் நீதிமன்றத்துக்குச் செல்லவியலாத அவர் நீதிபதிகளுக்கு நீண்ட கடிதமொன்று அனுப்பினார். ஆசிரியன் என்பவன் இன்றைய சட்டத்தை மதிக்கக் கற்பிப்பதோடு, நாளைய சட்டம் இதனினும் நல்லதாயிருக்கவேண்டுமென விரும்பவும் கற்பிக்க வேண்டியவன் என்பது அதன் சாரம். 1966 இல் விடுதலை கிடைத்தது. மேன்முறையீட்டில் தீர்ப்பு மாறியபோது அவர் உயிரோடில்லை. படைச்சேவை மறுப்பை இத்தாலியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1972 ஆம் ஆண்டு டிசம்பரில்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. அரசின் ஆணையை நிறுத்துப் பார்க்கக் கற்பித்த அவர், திருச்சபையின் ஆணைக்கு ஏன் பணிந்தார்? தம்மை மலைக்கு ஒதுக்கியபோதும், நூலை நீக்கியபோதும் அவர் விலகிச் செல்லவில்லை. பாவசங்கீர்த்தனஞ் செய்து மன்னிப்புப் பெறும் இடம் தமக்கு வேறில்லை என்பதே அவர் கூறிய காரணம். அவருடைய இடதுசாரி நண்பர்க்கு இது விளங்கவில்லை. அவரைப் பொதுவுடைமைக் குருவென ஏசியவர்க்கும் விளங்கவில்லை. பள்ளிச் சுவரிற் சுரூபம் இல்லாதிருந்தமையால் அப்பள்ளி கத்தோலிக்கமன்று என்று கருதுவோர் இப்பணிவைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். அவரது சமயம் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. மிகக் கடையவனை முதல்வனாக வைத்த ஒழுங்கில் இருந்தது. பிள்ளைகளை விட்டு நீங்காதிருந்த நிலையில் இருந்தது.

எனினும் இப்பள்ளியைக் குறையற்றதாகப் போற்றுதல் அதன் மாணாக்கர் கற்ற திறனாய்வுக்கே மாறாகும். முதலாவதாக, அது ஒரே மனிதரைத் தாங்குதூணாகக் கொண்டது. குடும்பமற்ற, வேறு கடமையற்ற, நாள்முழுதும் பிள்ளைகளோடு வாழத்தக்க ஆசிரியர் ஒருவர்க்கே அது இயலும். நூலும் இதனை உணர்ந்து, ஆசிரியர் இல்லற வாழ்வைத் துறத்தல்பற்றிப் பேசத் துணிகின்றது. ஒரு நாட்டின் பல்லாயிரம் ஆசிரியர்க்கு இதனை விதியாக்க முடியாது. இரண்டாவதாக, விளையாட்டை அது வெறுத்தது. பொழுதுபோக்கு என்பது ஏழையின் நேரத்தைத் திருடச் செல்வர் வகுத்த சூழ்ச்சி என்ற அளவுக்கு மிலானி சென்றார். பையன்கள் தம் கையாற் சிறு நீச்சற்குளமொன்று கட்டியதுண்டு; அதுவும் நீரச்சம் போக்கவே. குழந்தைக்குக் குழந்தையாயிருக்கும் உரிமையும் கல்வியின்பாற்படும் என்பதை அவர் ஏற்றிரார். அவரது கண்டிப்பும் மென்மையானதன்று. மூன்றாவதாக, மலையூர்ப் பெண்பிள்ளைகள் அங்கு வந்தது மிக அரிது. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்னும் பெற்றோரின் எண்ணத்தை நூல் சாடுகின்றதாயினும், சாடியதோடு நின்றுவிடுகின்றது.

நூலின் கோபம் ஓர் ஆசிரியைமீது செலுத்தப்பட்டமையும் ஆராயத்தக்கது. குறைந்த சம்பளத்தில், நிரம்பி வழியும் வகுப்பில், மேலிருந்து வந்த பாடத்திட்டத்தை நடத்திய ஒரு பெண்ணே அங்கு முழு அமைப்புக்கும் விடையளிக்க நிறுத்தப்படுகின்றாள். அவள் தரப்பு ஒருவரிகூட அதில் இல்லை. 1992 இல் நாவலாசிரியர் செபஸ்தியானோ வசல்லி "லா ரெப்புப்ளிக்கா" நாளிதழில் மிலானியைக் கடுமையாகத் தாக்கினார். பாடசாலைகளின் தரம் குன்றியமைக்கு இந்நூலே காரணம் என்போர் அவர்க்குப் பின்னும் உளர். இக்குற்றச்சாட்டிற் பாதியே உண்மை. பார்பியானாவில் தரம் தளர்த்தப்படவில்லை. நேரமும் உழைப்புமே மிகுதியாக்கப்பட்டன. ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் அடுத்த சொல்லுக்குச் செல்லவிடாத பள்ளியைத் தளர்ச்சிக்குக் காரணமென்பது பொருந்தாது. மொழியியலறிஞர் துல்லியோ தெ மௌரோ போன்றோர் இதனை உணர்ந்தனர். மொழிக் கல்வியில் மக்களாட்சி நெறி வேண்டுமென 1975 இல் எழுந்த பத்துக் கோட்பாடுகளின் பின்னணியில் அம்மலைப் பையன்களின் குரல் கேட்கின்றது. 1971 இல் ஆரம்பப் பள்ளிகளில் முழுநாட் பள்ளி சட்டத்தில் இடம்பெற்றது. 1977 இல் இடைநிலைப் பள்ளியிலிருந்து இலத்தீன் முற்றாக நீங்கியது.

மிலானி 1967 ஆம் ஆண்டு யூன் மாதம் 26 ஆந் திகதி, நூல் வெளிவந்து ஒருசில வாரங்களுள், நிணநீர்ப் புற்றுநோயால் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். முன்னமே வாங்கிவைத்த அம்மலைக் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டார். பள்ளி அவர்க்குப் பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1958 இன் தடைக்கு இனி இடமில்லையென வத்திக்கான் அறிவித்தது 2014 இல். பாப்பரசர் பிரான்சிஸ் அக்கல்லறைமுன் நின்று செபித்தது 2017 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி. பையன்களின் நூல் இதற்குள் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுவிட்டது, தமிழிலும் வந்துள்ளது. அதன் இறுதிப் பக்கம், வாசிக்கும் ஆசிரியர் எவரேனும் ஒருநாள் மறுமொழி எழுதுவார் என்று எதிர்பார்த்து, பார்பியானாவின் முகவரியைக் கொடுத்து முடிகின்றது. அம்முகவரியில் இன்று வகுப்பறை உண்டு. மேசைகளும் சுவர்ப்படங்களும் உண்டு. மலையேறி வந்து பார்த்துச் செல்வோரும் உண்டு. மாணாக்கர் இல்லை, அவ்வூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டன.